கோபுரத்துத் தூர்ஜிஸின் கொம்பு

ரோஷ்வால் கோட்டையில் தூர்ஜிஸுக்கு மேலே இருந்தது கடவுளும் காக்கையும்தான். பெரிய கோபுரத்தின் உச்சி அவன் இடம். அவன் அப்பனும் அங்கேதான் நின்று கொம்பு ஊதினான். அகழிக்கு அப்பால் சாலையில் எவன் வந்தாலும் முதலில் பார்க்க வேண்டியவன் தூர்ஜிஸ். நம் ஆள் என்றால் நீளமாக ஒரு ஊது. பகைவன் என்றால் குட்டை குட்டையாக இரண்டு. இரண்டு ஊதினால் வாயில் மாடத்தில் இருக்கிறவன் சங்கிலியை விடுவான். இரும்புக் கிராதி தடாலென்று இறங்கி வழியை அடைத்துவிடும்.

அந்தப் பெருமை அவனுக்குக் கொஞ்சநஞ்சமல்ல. கூடத்தில் சாப்பிட உட்கார்ந்தால் போதும், ஆரம்பித்துவிடுவான். வாயில்காவலன் ஆன்ஷேதான் அவன் வாய்க்கு அவல். கொம்புச் சத்தம் கேட்டதும் ஆன்ஷே மரச்செருப்பு டக்டக்கென்று ஒலிக்க மாடத்துப் படிகளில் ஏறி ஓடுவான். மதிலுக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும் கழிப்பறையும் அந்தப் படிகளின் உச்சியில்தான் இருந்தது.

"ஏண்டா, நான் ஊதினாலே ஒனக்கு வயித்தக் கலக்குதா? அகழித் தண்ணி ஒன்னாலதாண்டா இப்படி நாறுது!"

கூடமே சிரிக்கும். ஆன்ஷேவும் கூடச் சிரிப்பான். "என்னண்ணே பண்றது, பொறந்த வயிறு அப்படி."

உண்மையில் தூர்ஜிஸின் கண் மங்கிப்போய் இரண்டு குளிர்காலம் ஆகியிருந்தது. அது தனக்கும் பெண்டாட்டி எமெலினுக்கும் மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தான். குதிரைகள் அவனுக்கு வெறும் கறைகள். கொடியின் நிறத்தை வைத்துச் சமாளித்தான். நீலம் என்றால் பிரபு. சிவப்பு என்றால் ஆற்றுக்கு அக்கரைப் பகைவன். வெளியே சொன்னால் கோபுரத்தடி அறையும் போகும், கஞ்சியும் போகும்.

இலையுதிர்காலத்து மழையில் பிரபு தன் மகனுக்குப் பெண் அழைத்துக்கொண்டு வந்தார். மாப்பிள்ளை வீட்டு வாசலைத் தாண்டும்வரை பெண் வீட்டுக் கொடிதான் முன்னால் போகும். அந்த ஊர் மரியாதை அது. தூர்ஜிஸுக்கும் தெரிந்த வழக்கம்தான். ஆனால் கூட்டம் மறுநாள்தான் வரும் என்று பேச்சு. பெண் வீட்டுக் கொடியும் சிவப்பு, நடுவே அன்னம். பகைவன் கொடியில் காட்டுப்பன்றி. கண் இருக்கிற எவனும் அன்னத்தையும் பன்றியையும் குழப்பிக்கொள்ள மாட்டான். தூர்ஜிஸ் சிவப்பைப் பார்த்தான், இரண்டு ஊதினான்.

கிராதி மணப்பெண்ணின் குதிரை மூக்குக்கு நேரே விழுந்தது. குதிரை மிரண்டு எழும்ப, பெண் பாலத்துச் சேற்றில் குப்புற விழுந்தாள். அவள் அண்ணன் வாளில் கை வைத்தான். "இதுதான் ஒங்க வீட்டு வரவேற்பா?" பிரபுவுக்கு முகம் தொங்கிப்போயிற்று.

அன்று மாலையே கூடத்தில் விசாரணை.

"கீழ வர்றது யாருன்னு பாக்காம கிராதிய எறக்குறதா? வாசல் யார் பொறுப்பு?" என்று கத்தினார் பிரபு.

"என் பொறுப்புதான் எசமான்" என்றான் ஆன்ஷே. விடிந்ததும் அவன் குடும்பத்தோடு கோட்டையை விட்டு வெளியேற வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

தூர்ஜிஸை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று அந்த மடையன் யோசிக்கவும் இல்லை. தப்பித்தோம் என்று ரொட்டியைக் கடித்தான். "வாயத் தொறக்காத" என்று எமெலின் காதில் கிசுகிசுத்தாள். ஆனால் கடித்த ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டான். ஆன்ஷேயின் மனைவி மூலையில் நின்று அழுதுகொண்டிருந்தாள். சீ, நானும் ஒரு மனுஷனா என்று அவனுக்கே தன்மேல் அருவருப்பு வந்தது. எழுந்துவிட்டான்.

"எசமான், தப்பு என்னுது. எனக்குக் கண்ணு தெரியல. ரெண்டு குளிர்காலமாச்சு."

கூடம் அதிரும் என்று நினைத்தான். யாரோ உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொன்னார்கள்.

"தெரியும், உக்காரு" என்றார் பிரபு.

"தெரியுமா?"

"கோட்டைக்கே தெரியும். ஒங்கப்பன் எங்கப்பாவுக்காக நெஞ்சுல அம்பு வாங்கினவன், ஒன்னக் கீழ எறக்க மனசு வரல. அதான், நீ ஊதினதும் ஆன்ஷே மேல ஏறிப் பாத்துட்டுதான் கிராதியத் தொடணும்னு வச்சிருந்தேன். இன்னிக்கு எங்கடா போய்த் தொலஞ்ச?"

ஆன்ஷே தலையைச் சொறிந்தான். "இன்னிக்கு நெசமாவே வயித்தக் கலக்கிருச்சு எசமான். உள்ள இருந்தேன். கீழ இருந்த புது ஆளு சங்கிலிய அவுத்து விட்டுட்டான்."

முதலில் சிரித்தது மணப்பெண்தான். சேறு காயாத முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அவள் அண்ணன் சிரித்தான், பிறகு கூடமே சிரித்தது. பிரபுவாலும் அடக்க முடியவில்லை. "போடா, போய் வாசலப் பாரு" என்று ஆன்ஷேவை விட்டுவிட்டார்.

"அப்ப நான், எசமான்?" என்றான் தூர்ஜிஸ்.

"நீ பாட்டுக்கு ஊது. பொழுது சாயுறப்ப அந்தச் சத்தம் கேட்டாத்தான் எங்களுக்குச் சோறு எறங்குது."

துரத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது அவனுக்கு. இத்தனை நாள் யாரை வைத்துச் சிரித்தான், எதற்காக ஆன்ஷே அதைத் தாங்கிக்கொண்டான் என்று நினைக்க நினைக்க உடம்பு கூசிற்று.

மறுநாள் மாலை சாலையில் என்னவோ நீலமாக அசைந்தது. தூர்ஜிஸ் நீளமாக ஒன்று ஊதினான். கீழே மரச்செருப்புகள் டக்டக்கென்று படியேறின. மேலே போய்க் கொஞ்ச நேரம் நின்றன. அவை மறுபடி இறங்குவது கேட்காதபடி அவன் காதைப் பொத்திக்கொண்டு நின்றான்.