வானிலை வரும் வரை

யூச்சின் கைக்கு ஒன்றாக இரண்டு வெட்டுக்கத்திகளைப் பிடித்துப் புளித்த முட்டைக்கோஸைக் கொத்திக்கொண்டிருந்தாள். பலகை தடித்தது, மேடை சிமெண்டு. தட் தட் தட்டென்று சத்தம் சுவருக்குள் இறங்கி அந்தப் படிக்கட்டைச் சேர்ந்த எல்லா வீடுகளுக்கும் போனது. பக்கத்து வீட்டு ஜியாவ் அக்கா அந்தப் பக்கமிருந்து சுவரைத் தட்டினாள்.

"என்னடி, இன்னிக்குக் கொழுக்கட்டையா?"

"ஆமாக்கா. ஆஸ்பத்திரி கேன்டீன்ல நல்ல பன்றிக்கறி வந்துச்சு."

"பூரணத்துல உப்பைக் குறைச்சுப் போடு. போன தடவை தின்னுட்டு விடிய விடியத் தண்ணி குடிச்சேன்."

"ஓசியில தின்னா உப்பு கூடத்தான் தெரியும்."

அக்கா சிரிப்பது சுவர் வழியாகக் கேட்டது. அதற்குள் ஏழு மணியாகிவிட்டது. மேல்மாடி, கீழ்மாடி, எதிர்வீடு, எல்லா டிவிகளிலும் ஒரே நேரத்தில் செய்தியின் இசை எழுந்தது. திரையில் பூமி உருண்டை சுழன்றது. யூச்சினின் தோள்கள் தாமாகவே தளர்ந்தன. இனி அரை மணி நேரம் அவளை யாரும் அடிக்கமாட்டார்கள்.

அது கெங் வீட்டின் சட்டம். அவள் கணவன் கெங் தேலின் இரும்பாலையில் வார்ப்பட மேஸ்திரி. ஒரு வருடம் ஆலை உற்பத்தியில் முதலிடம் பிடித்தபோது தலைநகரிலிருந்து படம் எடுக்க வந்தார்கள். செய்தியில் கொதிக்கும் இரும்பு ஓடுவதைக் காட்டினார்கள்; அதன் ஓரத்தில் கெங்கின் முதுகும் பின்னந்தலையும் கண்ணிமைக்கும் நேரம் தெரிந்தன. குடியிருப்பே கைதட்டியது. அன்றிலிருந்து அவன் செய்தி பார்க்க உட்கார்ந்தால் கட்சிக் கூட்டத்தில் உட்காருவதுபோல உட்காருவான். முதுகு நிமிர்ந்திருக்கும், இரண்டு கைகளும் முழங்காலில் இருக்கும். அந்தக் கைகள் அந்த நேரத்தில் எழுந்ததே கிடையாது.

செய்தி முடிந்து வானிலையின் மெல்லிசை தொடங்கும்போது அவை எழும். சூப்பு ஆறியிருக்கும், அல்லது அவள் சிரித்திருப்பாள், அல்லது சிரிக்காமல் இருந்திருப்பாள். காரணத்துக்குப் பஞ்சமில்லை.

யூச்சின் ஆலை ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளர். நோயாளிகளைப் புரட்டிப் போடுவது, மலம் அள்ளுவது, கட்டுப் போடுவது, பிணத்தைக் கழுவுவது எல்லாம் அவள் வேலை. உடம்பு எங்கே தாங்கும், எங்கே தாங்காது என்று அவளுக்குத் தெரியும். அடி விழும்போது வயிற்றை மடக்கித் தோளைக் காட்டுவாள். அப்படியும் ஒரு தடவை விலா எலும்பு இரண்டு போனது, இன்னொரு தடவை இடது செவிப்பறை கிழிந்தது. குளிர்காலத்தில் பனிக்கட்டியில் வழுக்கிவிட்டதாகச் சொல்வாள். கோடையில் படிக்கட்டைச் சொல்வாள். வார்டில் ஒருவரும் நம்பவில்லை, ஒருவரும் கேட்கவும் இல்லை. குடியிருப்புக் குழுவிடம் ஒருமுறை போனாள். அங்கிருந்த அம்மாள் தேநீர் ஊற்றிக் கொடுத்து, "கோபக்காரர்தான், ஆனா நல்ல உழைப்பாளி ஆச்சே," என்று சொல்லி அனுப்பினாள். தேநீர் நன்றாக இருந்தது. அதற்குப் பிறகு யூச்சின் அங்கே போகவில்லை.

தன் உடம்பைப் பற்றி அவள் அதிகம் கவலைப்படுவதை விட்டுவிட்டாள். மகள் ஷுவாங்குக்கு ஒன்பது வயது. அவள்மேல் அவன் இதுவரை கை வைத்ததில்லை. ஆனால் போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "இதுக்கும் வாய் நீளுது. இதுக்கும் பாடம் எடுக்கணும்," என்று சாப்ஸ்டிக்கால் மகளைச் சுட்டிக் காட்டினான். மறுநாளே யூச்சின் ஜியாவ் அக்காவிடம் போய் நின்றாள்.

ஜியாவ் அக்கா மிலிட்டரிக்காரி மாதிரி ஏற்பாடு செய்தாள். வானிலை இசை கேட்டதும் ஷுவாங் புத்தகப் பையோடு பக்கத்து வீட்டுக்கு வந்துவிட வேண்டும். டிவியில் பெய்ஜிங், ஹார்பின், சாங்சுன் என்று ஊர்களைச் சொல்லிக்கொண்டே வருவார்கள். ஷென்யாங் பெயர் வருவதற்குள் பிள்ளை வெளியே இருக்க வேண்டும். அக்காவும் அவள் புருஷன் ஹாவும் அதே இசைக்குக் கதவுப்பக்கம் வந்து நிற்பார்கள். சத்தம் கேட்டால் உள்ளே வருவார்கள்.

"நியூஸ் ஓடுற வரைக்கும் பயமில்ல. அதுக்கப்புறம்தான் மேஸ்திரிக்குப் பேய் பிடிக்கும்," என்றாள் அக்கா.

"பேயெல்லாம் இல்லக்கா. சாராயம்," என்றாள் யூச்சின்.

அன்று கெங் மத்தியானமே வீட்டுக்கு வந்திருந்தான். ஏன் என்று அவள் கேட்கவில்லை. ஆலையில் ஆள்குறைப்புப் பெயர்ப் பட்டியல் ஒட்டப்போகிறார்கள் என்று அந்தக் குளிர்காலம் முழுவதும் ஊரில் பேச்சு. சாராயப் பாட்டிலில் பாதி இறங்கியிருந்தது. இருந்தாலும் ஏழு மணிக்கு அவன் முதுகு நிமிர்ந்து, கைகள் முழங்காலுக்குப் போயின. ஷுவாங் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். யூச்சின் கொத்துவதை நிறுத்தி மாவைக் கையில் எடுத்தாள்.

செய்தியில் பெரிய மாநாடு ஒன்றைப் பற்றிச் சொன்னார்கள். பிறகு தெற்கே ஏதோ ஒரு நகரத்தைக் காட்டினார்கள். வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட தொழிலாளி ஒருத்தி தெருவில் எண்ணெய்ச் சட்டி வைத்து மாவுக்குச்சி பொரித்துக்கொண்டிருந்தாள். புது வாழ்வு தொடங்கிவிட்டதாகச் சொல்லி, பல் தெரியச் சிரித்தாள்.

கெங்கும் சிரித்தான்.

"பாருடி. வேலை போச்சுன்னு சிரிக்கிறா."

"யாருக்கு வேலை போச்சு, ஷுவாங் அப்பா?"

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். அவன் எழுந்தான். மேசையில் சிவப்பு எழுத்துப் போட்ட இனாமல் குவளை இருந்தது; முன்மாதிரித் தொழிலாளி என்று ஆலை கொடுத்தது. அதை எடுத்து அவள் தலையின் பக்கவாட்டில் அடித்தான்.

அவள் உடம்பு தயாராக இல்லை. தோள் திரும்பவில்லை, வயிறு மடங்கவில்லை. ஏழு மணிக்கும் வானிலைக்கும் நடுவே அடி வாங்கி அந்த உடம்புக்குப் பழக்கமில்லை. மேடை விளிம்பில் மோதி விழுந்தாள். நெற்றி பிளந்து ரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. விழுந்த இடத்திலிருந்து டிவியைத்தான் பார்த்தாள். செய்தி வாசிப்பவர் அங்கேயே இருந்தார், தலைமுடி கூடக் கலையாமல்.

"சிரிடி! அவ சிரிக்கிறால்ல? நீயும் சிரி!" காலால் இடுப்பில் உதைத்தான். "இருபது வருஷம் அந்த உலை முன்னாடி வெந்தேன். நாளைலேர்ந்து நானும் தெருவுல மாவு பொரிக்கணுமாம். சிரி!"

உதை ஒவ்வொன்றும் தரையில் தட்டென்று இறங்கியது. எல்லா வீட்டு டிவிகளின் இரைச்சலில் அவன் கத்தல் அமுங்கியது; சுவர் கடத்தியது அந்தத் தட்டலை மட்டும்தான். அவள் கத்தவில்லை. கத்தாமல் இருக்கப் பழகியிருந்தாள், மகள் பயப்படக் கூடாதென்று. சுவருக்கு அந்தப் பக்கம் ஜியாவ் அக்கா சோறு தின்றுகொண்டே புருஷனிடம், "யூச்சின் இன்னும் பூரணம் கொத்தறா. நிறைய செய்யறா போல. நமக்கும் வரும்," என்று சொல்லியிருக்கிறாள். பிறகு பல வருடங்கள் அந்த வார்த்தையை நினைத்து அக்கா தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். ஆனால் அன்று செய்தி ஓடிக்கொண்டிருந்தது. செய்தி நேரத்தில் அந்த வீட்டிலிருந்து வரும் சத்தம் கோஸ் சத்தம்தான் என்று படிக்கட்டுக்கே தெரியும்.

யூச்சினும் அதையேதான் நம்பிக் கிடந்தாள். வானிலை வரட்டும். அவர்கள் வருவார்கள். அதுவரை தாங்கினால் போதும்.

"அப்பா," என்றாள் ஷுவாங். "நியூஸ் இன்னும் முடியலையே."

அவன் திரும்பினான். பிள்ளை பென்சிலைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தாள். அவள் எதிர்த்துப் பேசவில்லை. விதியை நினைவுபடுத்தினாள், அவ்வளவுதான்.

அவன் அவள் சடையைப் பிடித்து இழுத்து முகத்தை அலமாரிக் கதவில் மோதினான். மரத்தில் பல் படும் சத்தம் தனிச் சத்தம். ஒருமுறை கேட்டவர்கள் அதை மறக்கமாட்டார்கள். பிள்ளை அழக்கூட இல்லை, மூச்சை இழுத்தாள். அவன் மறுபடியும் சடையைச் சுருட்டிக் கையில் சுற்றினான்.

டிவியில் மாநாட்டுக்கு வந்தவர்களின் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெயர், அடுத்த பெயர், அதற்கடுத்த பெயர். யூச்சினுக்கு அப்போது புரிந்தது: இன்றைக்குச் செய்தி நீளும். பெரிய நாட்களில் அப்படித்தான் நீளும். வானிலை இப்போதைக்கு வராது. வானிலை வராமல் கதவைத் தட்ட யாரும் வரமாட்டார்கள்.

அவள் எழுந்தாள். மேடையில் வெட்டுக்கத்தி இரண்டும் இருந்தன. அவற்றைப் பார்த்தாள், தொடவில்லை. கத்தியை எடுத்தால் அவன் சாவான், அவள் சிறைக்குப் போவாள், பிள்ளை அநாதையாவாள். கணக்கு அவ்வளவுதான். பக்கத்தில் நூடுல்ஸ் மாவு தேய்க்கும் நீளக் கட்டை சாய்த்து வைத்திருந்தது. இலந்தை மரம், கை நீளம் இருக்கும். அதை இரண்டு கைகளாலும் பிடித்து, பின்பக்கமாகப் போய், தலையை விட்டுவிட்டு, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே வலது காறை எலும்பின்மேல் இறக்கினாள்.

எலும்பு முறிந்தது அவள் உள்ளங்கையிலேயே தெரிந்தது. சடை கையிலிருந்து நழுவியது. அவன் திரும்பி இடது கையை ஓங்கினான். முழங்காலின் பக்கவாட்டில் ஒன்று வைத்தாள். விழுந்தான். எழப் பார்த்தவனுக்கு அதே இடத்தில் இன்னொன்று.

"கொல்லப் பாக்கிறியா?"

"கொல்லணும்னா வேற இடத்துல அடிப்பேன். அசையாதே, எலும்பு தோலைக் கிழிக்கும்."

முதலில் பிள்ளை. முன்பல் ஒன்று வேரோடு தரையில் கிடந்தது. வேரைத் தொடாமல் எடுத்து, தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, இருந்த குழியிலேயே அழுத்தி வைத்தாள். "துணியைக் கடிச்சுக்கோ. கடி. விடாதே. அழுகையெல்லாம் அப்புறம்." ஷுவாங் கடித்தாள். பிறகு யூச்சின் தன் நெற்றியில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டாள். அதற்கும் பிறகுதான் தலைக்குட்டையை முக்கோணமாக மடித்து, கெங்கின் கையை மார்போடு தூக்கிக் கட்டினாள். அவன் வலியில் ஊளையிட்டான். வார்டில் எந்த நோயாளிக்கும் கட்டுவதுபோலத்தான் கட்டினாள், முடிச்சைக் கழுத்தின் பக்கவாட்டில் போட்டு.

முடிச்சைப் போட்டு முடித்தபோது வானிலை இசை வந்தது.

உடனே கதவு தடதடத்தது. சொன்ன சொல் தவறாமல், ஜியாவ் அக்கா அடுப்புக் கிளறும் கம்பியோடும் ஹாவ் வெறுங்கையோடும் உள்ளே வந்தார்கள். பெய்ஜிங்கில் வெயில் என்றது டிவி. அக்கா தரையைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், பிள்ளையின் வாயைப் பார்த்தாள்.

"நான் நீ கொத்தறேன்னு..." கம்பி கையிலிருந்து விழுந்தது. "பூரணம் கொத்தறேன்னு நெனச்சேன்டி, பாவி நான்..."

"அப்புறம் அழலாம்க்கா. ஹாவ் அண்ணே, கைவண்டி எடுங்க. இவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். பிள்ளையையும்."

"மேஸ்திரி, நடப்பீங்களா?" என்று ஹாவ் குனிந்து கேட்டான்.

"அவ என்னை அடிச்சா," என்றான் கெங். குரலில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமிருந்தது. "நியூஸ் நேரத்துல அடிச்சா."

மறுநாள் விடிந்ததும் யூச்சின் மகளைக் கூட்டிக்கொண்டு போலீஸ் நிலையத்துக்குப் போனாள். "என் புருஷனோட காறை எலும்பை நான்தான் உடைச்சேன். அதை முதல்ல எழுதுங்க. மத்ததை அப்புறம் சொல்றேன்," என்றாள். உட்கார்ந்திருந்த இளைஞன் இது வீட்டு விவகாரம் என்று தொடங்கினான். அவள் மகளின் வாயிலிருந்த துணியை எடுத்து, "உள்ளே பாரு," என்றாள். அவன் பார்த்தான். பிறகு பேனாவை எடுத்தான். மணவிலக்குக்கு எங்கே எழுதிக்கொடுப்பது என்பதையும் அவனிடமே கேட்டுக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபோது ஹாவ் புதுப் பூட்டைப் பொருத்திக்கொண்டிருந்தான். கெங்கின் மெத்தை, செருப்பு, பல் தேய்க்கும் பிரஷ், நசுங்கிய குவளை எல்லாவற்றையும் அவள் ஒரு மூட்டையாகக் கட்டி, அவன் அண்ணன் வீட்டுக்கு அனுப்பினாள். தரையைக் கழுவினாள். ரத்தத்துக்குக் குளிர்ந்த தண்ணீர்தான் விட வேண்டும். சுடுதண்ணீர் விட்டால் படிந்துவிடும்.

நேற்றைய கோஸ் பாதி அப்படியே இருந்தது. பிள்ளைக்கு மென்மையாக ஏதாவது வேண்டும், பூரணத்தைப் பொடியாகக் கொத்திக் கஞ்சியில் போடலாம். பலகையை எடுத்து வைத்துக் கத்திகளைப் பிடித்தாள். தட் தட்டென்று இரண்டே தட்டுத்தான். கதவு அதிர்ந்தது.

திறந்தாள். ஜியாவ் அக்கா ஒரு காலில் மட்டும் செருப்போடு, கையில் கம்பியோடு நின்றாள். தலை பாதிதான் சீவியிருந்தது.

"என்ன சத்தம்?"

"கோஸ்க்கா."

"காட்டு."

யூச்சின் கத்தியைத் தூக்கிக் காட்டினாள். அதில் கோஸ் துணுக்கு ஒட்டியிருந்தது. அக்கா நம்பவில்லை. உள்ளே வந்து பலகையைப் பார்த்தாள், கட்டிலில் படுத்திருந்த ஷுவாங்கைப் பார்த்தாள். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு, கம்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ம். கொத்து. முடியற வரைக்கும் நான் இங்கேயே இருக்கேன்," என்றாள். "உப்பைக் குறைச்சுப் போடு."