சித்தப்பாவின் காது

எங்கள் ஊரில் நல்ல காதுக்குத் தனி மவுசு உண்டு. பழவேற்காடு ஏரிக்கு நடுவே இருக்கும் பசியாவரம் எங்கள் ஊர். துடுப்பின் தட்டை முனையைத் தண்ணீருக்குள் விட்டு, பிடியைக் காதோடு ஒட்டி வைத்துக் கண்ணை மூடிக்கொண்டால், கத்தாழை மீன் கூட்டமாகப் போவது ‘கொர் கொர்’ என்று மரத்தின் வழியாக ஏறி வரும். கெளுத்தி வேறு மாதிரி உறுமும். எல்லாருக்கும் இது கேட்டுவிடாது. என் சித்தப்பாவுக்குக் கேட்கும்.

அவர் நைனாவின் தம்பி. கல்யாணம் ஆகாதவர், எங்கள் வீட்டிலேயேதான் சாப்பாடு, படுக்கை எல்லாம். பெரியப்பா, நைனா, சித்தப்பா, சொந்தத்தில் இன்னும் இரண்டு பேர், எல்லாரும் ஒரே வலையில் தொழில் செய்பவர்கள். சித்தப்பா துடுப்பில் காதை வைத்துக் கையைக் காட்டிய பக்கம் படகு திரும்பும். நான் அப்போது மூன்றாம் வகுப்பு. கூடப் படிக்கும் பிள்ளைகள் சைக்கிள், கலர் டிவி என்று பீற்றிக்கொண்டால், நான் சித்தப்பாவின் காதைச் சொல்லிப் பீற்றிக்கொள்வேன்.

அதனால்தான் அவருக்கு நோய் வந்தபோது எங்கள் வீட்டில் ஒருவரும் பயப்படவில்லை. சந்தோஷம்தான் பட்டார்கள்.

“தண்ணிக்கு அடியில பேசிக்கினு இருக்காங்க” என்றார் ஒரு நாள் படகில். பெரியப்பா அதைக் கேட்டு, “எந்தப் பக்கம்டா?” என்று ஆவலாக விசாரித்தார். சித்தப்பா கிழக்கே கை காட்டினார். அன்றைக்கென்று பார்த்து வலை நிறைந்துவிட்டது. ஆள் இல்லாத இடத்தில் குரல் கேட்கிறது என்று வேறு ஊரில் ஒருவன் சொல்லியிருந்தால், வீட்டில் உள்ளவர்கள் அன்றே கொஞ்சம் யோசித்திருப்பார்கள். எங்கள் ஊரிலோ இன்னும் மரியாதையாகக் கூட்டிக்கொண்டு போய்த் துடுப்பைக் கையில் கொடுத்தார்கள். இப்படி ஒரு தப்பை எங்களைத் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாது.

அப்புறம் குரல்கள் கரையேறின. சித்தப்பா குடிநீர்க் குடத்தில் காது வைத்தார். சுவரில் வைத்தார். தனியாகச் சிரித்தார், பிறகு சிரிப்பதையும் விட்டுவிட்டார். குளிக்கச் சொன்னால் காதில் விழாதவர்போல உட்கார்ந்திருப்பார். தெற்கே தெரிகிற அனல்மின் நிலையப் புகைபோக்கியின் சிவப்பு விளக்கு தன்னைத்தான் பார்க்கிறது என்று சொல்லி, அந்தப் பக்கத்து ஜன்னலைக் கோணியால் அடைத்தார். அம்மா குழம்பில் ஏதோ கலக்கிறாள் என்று சந்தேகம் வந்து, என் தட்டிலிருந்து மட்டும் எடுத்துச் சாப்பிட்டார். என் பங்கு வறுத்த மீன் குறைகிறதே என்றுதான் அப்போது எனக்குக் கவலை.

ஊரில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். எங்கள் வலை நிறைவதைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன் எவனோ செய்வினை வைத்துவிட்டான் என்றார் ஒருவர். பெண் பார்க்காமல் விட்டதுதான் காரணம் என்றார் இன்னொருவர். ஏரியில் காத்துக் கருப்பு அடித்துவிட்டது என்றும் சொன்னார்கள். அம்மன் கோயிலில் தாயத்து கட்டினோம், மாதா கோயில்காரர்கள் வீட்டுக்கே வந்து ஜெபித்து எண்ணெய் பூசினார்கள். எல்லாரும் நல்ல மனசோடுதான் செய்தார்கள். தாயத்தையும் எண்ணெயையும் சுமந்துகொண்டு சித்தப்பா நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போனார்.

எங்கள் ஏரியில் இறால் ஓடும் நல்ல இடங்களை ஊரே முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும். ஒவ்வொரு வலைக் கூட்டத்துக்கும் ஒரு நாள் வரும். அதைப் பாடு என்போம். அந்த நாளை விட்டால் அடுத்த பாட்டுக்குக் காத்துக் கிடக்க வேண்டியதுதான். எங்கள் பாடு வந்த ஒரு விடியலில், இறால் நிறைந்த வலையைத் தூக்கும்போது, சித்தப்பா கத்தியை எடுத்து வலையைக் கிழித்துவிட்டார். உள்ளே சிக்கியிருப்பது தன் குரல் என்று அவருக்கு யாரோ சொன்னார்களாம்.

பெரியப்பா கரைக்கு வந்ததும் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். இப்படிப்பட்டவர்களைச் சங்கிலியில் கட்டிவைத்துக் குணமாக்கும் இடம் ஒன்று இருக்கிறது, அங்கே கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று பெரியவர்கள் பேசினார்கள். நைனா தலையைக் குனிந்துகொண்டு மணலைப் பார்த்தபடி நின்றார். பெரியப்பா எதிரே வந்து நிற்கவே தயங்குகிற அம்மாதான் அன்றைக்கு முன்னால் வந்தாள்.

“நாய்க்குக்கூட நான் சங்கிலி போட்டதில்ல. என் கொழுந்தனுக்கா போடுவீங்க?”

குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட ஊருக்கு வரும் நர்சம்மாவிடம் அம்மா ஏற்கெனவே எல்லாவற்றையும் சொல்லிவைத்திருந்தாள். இது நோய், மருந்து இருக்கிறது, மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள் என்று அவர் சொல்லியிருந்தார். அந்த ஆஸ்பத்திரி இருக்கும் இடத்தின் பெயர் எங்கள் பக்கத்தில் ஒரு வசவு. அம்மா அந்த வசவைத் துணிந்து வாயால் சொல்லி, அங்கேதான் போகிறோம் என்றாள். என்னை விட்டுவிட்டுப் போக ஆள் இல்லாததால் நானும் போனேன். மீஞ்சூரில் ரயில் ஏறும்போது சித்தப்பா என் கையை மட்டும் பிடித்துக்கொண்டார்.

டாக்டரம்மா வயதில் சின்னவர். முதலில் சித்தப்பாவிடம் பேசினார், அவசரமே இல்லாமல். பிறகு நைனாவிடம், குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்டார். நைனா குரலைத் தாழ்த்தி, தன் அத்தை ஒருத்தி யாரோ கூப்பிடுகிறார்கள் என்று வீட்டைவிட்டுப் போனவள் திரும்பவே இல்லை என்றார். நான் அன்றுதான் அதைக் கேள்விப்பட்டேன். அம்மாவும் அன்றுதான்.

இது மூளையில் வருகிற நோய், மனச்சிதைவு என்று பெயர் என்றார் டாக்டரம்மா. கொஞ்சம் ரத்தத்தில் வருகிறது, கொஞ்சம் வாழ்க்கையின் பாரத்தில் வருகிறது, இதுதான் காரணம் என்று ஒன்றை மட்டும் விரல் நீட்டிக் காட்ட முடியாது. ஆனால் யார் செய்த பாவமும் இல்லை, யார் வைத்த வினையும் இல்லை என்றார். அம்மா அங்கேயே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அத்தனை மாதமும், தான் சமைத்துப் போட்டதில்தான் ஏதோ குறையோ என்று அவள் மனசுக்குள் புழுங்கியிருக்கிறாள்.

நைனாவுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். மேசையோரம் சாய்த்து வைத்திருந்த டாக்டரம்மாவின் குடையை எடுத்துக் காதில் வைத்து, மீன் கேட்பது எப்படி என்று செய்து காட்டினார். “அப்போ அதுவும் நோய்தானாம்மா?”

டாக்டரம்மா சிரித்துவிட்டார். “அது நிஜ சத்தம்யா, காதுல கேக்குது. இது மூளையே உண்டாக்குற சத்தம். ஆனா அவருக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் கேக்கும். அதனால கேலி பண்ணாதீங்க, சண்டையும் போடாதீங்க. மாத்திரைய மட்டும் நிறுத்திடாதீங்க.”

மாத்திரை அவரை முதலில் தூங்க வைத்தது. பிறகு உடம்பு போட்டது, கை நடுங்கியது. ஒருமுறை, நன்றாகத்தானே இருக்கிறேன் என்று அவரே நிறுத்திவிட, குரல்கள் திரும்பி வந்தன. மறுபடி ரயில், மறுபடி டாக்டரம்மா, வேறு மாத்திரை. ஒரே நாளில் எதுவும் சரியாகவில்லை. ஆனால் ஒரு நாள் அம்மாவின் குழம்பைத் தன் தட்டிலேயே ஊற்றிக்கொண்டார். அன்று அம்மா எனக்கு இரண்டு துண்டு மீன் வைத்தாள்.

அந்தக் காலம் முழுக்கப் பெரியப்பா படகில் ஓர் ஆள் குறைவாகவே போனார். வேறு ஆள் ஏற்றிக்கொள்ளச் சொன்னவர்களிடம், “அவன் எடத்துல எவனும் குந்தக் கூடாது” என்று சொல்லிவிட்டாராம். கரையில் அப்படிக் குதித்த மனிதர்! அவரையும், தலை குனிந்து நின்றாலும் ஒரு தடவைகூடத் தவறாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன நைனாவையும், அம்மாவையும், அந்த நர்சம்மாவையும் நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது. சித்தப்பா இன்றும் ஏரிக்குப் போகிறார். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரை போடுகிறார்.

உடம்பு தேறிவந்த அந்த நாட்களில் அவருக்கு இருந்த ஒரே வேலை, காலையில் என்னைச் சின்னத் தோணியில் ஏற்றிப் பழவேற்காட்டுப் பள்ளிக்கூடத்தில் விடுவது. ஒரு நாள் பாதி வழியில் தோணியை நிறுத்தினார். பல மாதங்களுக்குப் பிறகு துடுப்பைத் தண்ணீரில் விட்டுக் காதில் வைத்தார். வெகுநேரம் அப்படியே இருந்தார். நெற்றியில் வியர்த்தது. பிறகு துடுப்பை என்னிடம் நீட்டினார்.

“பாப்பா, உனக்கு இன்னா கேக்குது, சொல்லு.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊரிலேயே நல்ல காதுக்காரர் எனக்குத் தொழில் சொல்லித் தருகிறார்! கண்ணை இறுக மூடிக்கொண்டு கேட்டேன். தண்ணீர் தோணியில் மோதும் சத்தம் மட்டும்தான் கேட்டது. பொய் சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. வாய் வரவில்லை.

“ஒண்ணுமே கேக்கல சித்தப்பா.”

“நல்லாக் கேளு. யாரும் பேசல?”

“இல்ல.”

அவர் மூச்சை விட்டார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை. நான் தோற்றுப் போய் அழுகிற நேரத்தில் இவருக்கு என்ன சிரிப்பு என்று எனக்குக் கோபமாக வந்தது.

அன்று அவருக்குக் குரல்கள் கேட்டிருக்கின்றன. வீட்டில் சொன்னால் துடுப்பைப் பிடுங்கிவிடுவார்களோ என்ற பயத்தில், எது ஏரி, எது நோய் என்று பிரித்துச் சொல்ல அவர் என்னை நம்பியிருக்கிறார். இது எனக்குப் புரிய எத்தனையோ வருடங்கள் ஆயின.

“அப்போ செரி,” என்று துடுப்பை வாங்கிக்கொண்டு தோணியைத் தள்ளினார். “எனக்கும் கேக்கல.”

மீன் சத்தம் கேட்டும் என்னைச் சமாதானப்படுத்தத்தான் பொய் சொல்கிறார் என்று நினைத்து, பள்ளிக்கூடக் கரை வரும்வரை நான் அவரோடு பேசவே இல்லை.