சனிக்கிழமை என்று சொல்லாத நொஸ்ரத்

ஹமதான் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் பட்டறைச் சந்தில், வண்டி ஹீட்டர் வேலைக்கு நொஸ்ரத்தை விட்டால் வேறு ஆள் கிடையாது. அடுத்த கடை என்னுடையது. என் பெயர் ரஜப், சீட்டுக்கு உறை தைக்கிறவன். முப்பது வருடமாக ஒரே சுவரின் இரண்டு பக்கமும் இருக்கிறோம். அவனைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. இத்தனை நாள் சொல்லாமல் இருந்த பாவத்திலும் பங்கு உண்டு.

நொஸ்ரத்துக்குச் சில கிறுக்குகள். வெள்ளி விடுமுறை என்பதால் வியாழன் மதியமே சந்து முழுக்க ஷட்டர் இறங்கிவிடும். இவன் மட்டும் இருட்டும்வரை திறந்து வைத்திருப்பான். ஹீட்டர் என்று யார் வந்தாலும் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து போவான். கொளுத்தும் கோடையில் ஒரு லாரிக்காரன், "உஸ்தா, குளிர் தாங்கல, ஹீட்டரைப் பாருங்க" என்று கிண்டலடித்தான். இவன் சிரிக்காமல் பானெட்டைத் திறந்து, எல்லாக் குழாயையும் தடவிப் பார்த்துத்தான் அனுப்பினான். அதோடு, சனிக்கிழமை என்ற சொல் அவன் வாயில் வராது. "வெள்ளிக்கு மறுநாள்" என்பான். சந்தே சிரிக்கும். எனக்குக் காரணம் தெரியும் என்பதால் நான் சிரித்ததில்லை.

போன குளிர்காலத்தில் ஒரு புதன்கிழமை காலை, வான நீல நிறத்தில் பழைய வண்டி ஒன்று சந்துக்குள் வந்தது. எழுபத்திரண்டாம் வருட மாடல். நின்று படம் பிடிக்கத் தோன்றும் அழகு. நொஸ்ரத் அதைப் பார்த்ததும் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தான். ஓட்டி வந்த பெண் இறங்கினாள்.

"மாமா, என்னைத் தெரியுதா? யதுல்லா மக, கொல்நார்."

"தெரியுதும்மா."

"எட்டு வருஷம் கொட்டகையில கிடந்துச்சு. டயரும் பேட்டரியும் மாத்தி நானே எடுத்து ஓட்டுறேன். பக்கத்து சீட்டுல கால் வைக்கிற இடம் மட்டும் ஈரம் போகவே மாட்டேங்குது. விரிப்பை அடுப்புகிட்ட காய வச்சுப் போட்டாலும் காலைல நனைஞ்சு கிடக்கு. அந்தப் பக்கக் கண்ணாடியும் உள்ளுக்குள்ள ஆவி படிஞ்சுடுது. ஹீட்டர் வால்வு ஒழுகுதுன்னு நெனைக்கிறேன். ஆனா சூடே வரல." அவள் கொஞ்சம் தயங்கினாள். "ஹீட்டர் லீவரை அணைக்கிற நீலப் பக்கம் தள்ளி வச்சா, காலைல சூட்டுக்கான செவப்புல நிக்குது."

"கம்பி தளர்ந்திருக்கும்" என்றான் நொஸ்ரத்.

"நாளைக்கு ராத்திரி அசதாபாத்துல நர்ஸ் வேலைக்குச் சேரணும். கணவாய் தாண்டணும் மாமா. ஹீட்டர் வேணும்."

"வேற வண்டில போயேம்மா."

"வேற வண்டி இருந்தா இதை ஏன் நான் தொடப்போறேன்?"

சாவியை என் தையல் மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

எட்டு வருடத்துக்கு முந்தைய கதையை இங்கே சொல்லிவிடுகிறேன். அந்தக் கோடையில் யதுல்லா வேலைக்காக அஹ்வாஸ் பக்கம் போகவிருந்தார். இதே வண்டியில் ஹீட்டர் வால்வு ஒழுகியது, புதியது கிடைக்கவில்லை. நொஸ்ரத் ஹீட்டருக்குப் போகும் குழாயையும் திரும்பி வரும் குழாயையும் ஒரு வளைந்த செப்புக் குழாயால் நேராக இணைத்துவிட்டான். ஹீட்டருக்குத் தண்ணீரே போகாது. சூடான ஊருக்குப் போகிறவர்களுக்கு எல்லோரும் செய்யும் வேலைதான். "குளிருக்கு முன்னாடி வாங்க, பழையபடி மாட்டித் தர்றேன்" என்றான். யதுல்லாவும் வந்தார். குளிர் தொடங்கும் சமயம், ஒரு வியாழன் மதியம். நானும் நொஸ்ரத்தும் டீஸி குழம்பு தின்றுவிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கி, பகடை ஆடிக்கொண்டிருந்தோம். அவன் ஜெயிக்கிற ஆட்டம். தலையைக்கூட நிமிர்த்தாமல், "சனிக்கிழமை வாங்க" என்றான். நான், "சீக்கிரம் உருட்டுடா" என்றேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, கெர்மான்ஷாவில் ஒரு கல்யாணப் பேச்சுக்குப் போனவர் அசதாபாத் கணவாயில் பனியில் மாட்டினார். சனிக்கிழமை காலை பனி அள்ளுகிறவர்கள் கண்டெடுத்தார்கள். இஞ்சின் அப்போதும் ஓடிக்கொண்டிருந்ததாம். பானெட்டின்மேல் பனி உருகி வழிந்துகொண்டிருக்க, ஸ்டியரிங் இடிக்காமல் முடங்கிக்கொள்ளப் பக்கத்து சீட்டுக்கு மாறியிருந்தவர், பாதத்தை விரிப்பால் சுற்றிக்கொண்டு விறைத்துப்போயிருந்தார். லீவர் சிவப்பு முனையில் இருந்தது.

இழவு வீட்டில் நொஸ்ரத், "வரச் சொன்னேன், அவர்தான் வரல" என்றான். நான் பேசாமல் டீ குடித்தேன். அன்றிலிருந்து நாங்கள் பகடையைத் தொட்டதில்லை.

இப்போது நொஸ்ரத் பானெட்டைத் திறந்தான். செப்புக் குழாய் அப்படியே இருந்தது. கட்டுக்கம்பியின் நுனி யார் விரலையும் கிழிக்காதபடி சின்ன வளையமாகச் சுருட்டியிருந்தது. அது அவன் கைவேலை, வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை.

"ரஜப், இங்க வா. இந்த வால்வுக்குத் தண்ணி வர வழியே இல்ல."

அந்த மாடலில் வால்வு வண்டிக்கு உள்ளே, பக்கத்து சீட்டுக்காரரின் முழங்காலுக்கு மேலே, டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும். அவன் படுத்துக்கொண்டு கையை விட்டான். வெளியே எடுத்தபோது விரல் சொட்டியது. முகர்ந்தான். இஞ்சின் தண்ணீருக்கு ஒரு தித்திப்பு வாடை உண்டு, பச்சை நிறமும் உண்டு. இதில் இரண்டும் இல்லை. என் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டான். பனி உருகிய தண்ணீரைப்போல எலும்புவரை குளிர்ந்தது. நான் பயந்து கையைச் சட்டையில் துடைத்தேன்.

"பூட்டிட்டு வந்துடுடா, நமக்கு வேண்டாம்" என்றேன்.

"ஒரு தடவை அப்படித்தானே அனுப்பினோம்."

அன்று முழுக்க அவன் வேறு வேலை தொடவில்லை. ரேடியேட்டர் தண்ணீரை இறக்கினான். பழைய வால்வைக் கழற்றினான். உள்ளே காய்ந்த துரு மட்டுமே இருந்தது. உடைத்துப்போட்ட வண்டி ஒன்றிலிருந்து எடுத்து வைத்திருந்த நல்ல வால்வைத் தேடிப்பிடித்து, வாளித் தண்ணீரில் அமுக்கி வாயால் ஊதினான். ஒரு குமிழிகூட வரவில்லை. புது ரப்பர் வளையம் போட்டு மாட்டினான். செப்புக் குழாயை அறுத்தெடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். குழாய்களைப் பழைய இடத்தில் செருகி, தண்ணீர் நிரப்பி, காற்றுப் போகும்வரை இஞ்சினை ஓடவிட்டான். லீவர் கம்பியை, இரண்டு விரல் போட்டு இழுத்தால்தான் அசையும் அளவுக்கு முறுக்கினான். வெதுவெதுப்பான காற்று வந்தது. அதன் முன்னால் கையை நீட்டிக்கொண்டு நொஸ்ரத் அழுதான்.

வியாழன் மதியம் கொல்நார் வந்தாள். அவன் செப்புக் குழாயை அவள் கையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னான். பகடையையும் சொன்னான். நான், "நானும்தாம்மா இருந்தேன்" என்றேன்.

அவள் முகம் வெளுத்தது. "அன்னைக்கு வீட்டுக்கு வந்து அப்பா என்ன சொன்னார் தெரியுமா? 'நொஸ்ரத் பாவம், கை நிறைய வேலை, சனிக்கிழமை வரச் சொன்னான்'னு சொன்னார். இழவு வீட்டுல நீங்க மாத்திச் சொன்னதை நான் கதவுக்குப் பின்னால நின்னு கேட்டேன். ஏன் பொய் சொல்றாங்கன்னு எட்டு வருஷமா யோசிச்சேன். பகடையாம்!"

"என்ன வேணாலும் திட்டும்மா."

"என்கிட்ட ஏன் சொல்றீங்க? வண்டில ஏறுங்க. ரெண்டு பேரும். அந்த இடத்துல வந்து சொல்லுங்க."

ஏறினோம். இருவருமே பின்சீட்டில்தான் ஏறினோம். முன்னால் உட்கார் என்று அவளும் சொல்லவில்லை. காலியான அந்த சீட்டின் முன்னால் இருந்த கண்ணாடியில் ஹமதானைத் தாண்டும்போதே ஆவி படிய ஆரம்பித்தது. சூடான காற்று அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் ஆவி படிந்து மறைந்தது, மறுபடி படிந்து மறைந்தது. யாரோ மூச்சு விடும் கதியில்தான் அது நடந்தது. நான் மனசுக்குள் குரான் ஓதிக்கொண்டேன்.

கணவாயின் மேல் வளைவில், பனிச்சுவருக்குப் பக்கத்தில் அவள் வண்டியை நிறுத்தினாள். இஞ்சினை அணைக்கவில்லை. லீவர் சிவப்பு முனையில் இருந்தது.

நொஸ்ரத் முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டான். "யதுல்லா அண்ணே, எனக்கு வேலை ஒண்ணும் இல்ல. பகடை ஆடிட்டிருந்தேன். அரைமணி நேர வேலை அது. செஞ்சிருக்கலாம். சனிக்கிழமைன்னு சொல்லிட்டேன்."

"நான்தான் சீக்கிரம் உருட்டுன்னேன்" என்றேன்.

கொல்நாரின் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன. எங்கள் கைகள் சீட்டின் முதுகில் இருந்தன. இரண்டு விரல் போட்டு இழுத்தால்தான் அசையும் அந்த லீவர், மெல்ல நகர்ந்து, சிவப்பிலிருந்து பாதிவரை இறங்கி நின்றது. கண்ணாடியில் ஆவி மறுபடி படியவில்லை.

"சூடு பத்தினதும் அப்பா இப்படித்தான் பாதிக்கு இறக்கிடுவார்" என்று அவள் சாலையைப் பார்த்தபடியே சொன்னாள்.

நான் குனிந்து முன்சீட்டுக்குக் கீழே கையை விட்டு விரிப்பைத் தொட்டேன். காய்ந்திருந்தது.