மச்சான் நட்ட வெளிநாட்டு மாம்பழம்

அவித்த முட்டையின் மஞ்சள் கருவுக்கும் எனக்கும் ஜென்மப் பகை. பக்கத்தில் யாராவது முட்டையை உடைத்தாலே எழுந்து போய்விடுவேன். அப்படிப்பட்டவன் வாயில்தான் அந்தப் பழம் வந்து விழுந்தது.

அக்காவின் கணவர், என் மச்சான், செமோர் பக்கம் ஒரு நர்சரியில் அந்தக் கன்றை வாங்கி வந்தார். "வெளிநாட்டு மாம்பழம்லா, தேன் மாதிரி இருக்குமாம்" என்று பார்த்தவரிடமெல்லாம் பெருமையடித்தார். ரப்பர் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்துவிட்ட பழைய தோட்டத்தில், அவர்கள் வீட்டுக்குப் பின்னால் நட்டார். காய்க்கும் முன்பே மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அதன்பின் அக்கா மனிதர்களிடம் பேசியதைவிட அந்த மரத்திடம் பேசியதே அதிகம். பூ வந்தது, பிஞ்சு உதிர்ந்தது என்று ஈப்போவில் இருக்கும் எனக்கு போன் வரும். எரிச்சலாக இருக்கும். அவளுக்கு வேறு என்னதான் இருக்கிறது என்று கேட்டுக்கொள்வேன்.

முதல் காய்ப்பு அவருடைய திதிக்குச் சரியாகப் பழுத்தது. எங்கள் வீட்டில் முதல் காய்ப்பைச் செத்தவருக்குப் படைக்காமல் யாரும் தொடக்கூடாது. கோழிப் பிரட்டல், கறுப்பு பீர், சுருட்டு, நடுவில் அந்தப் பழம். சூடம் காட்டி முடித்ததும் அக்கா பழத்தை அறுத்து, முதல் துண்டை என்னிடம் நீட்டினாள்.

"நீ சாப்பிட்டுச் சொல்லு தம்பி. அப்புறம் நான் வாயில வைக்கிறேன்."

மாம்பழம்தானே என்று பெரிதாகக் கடித்தேன். சாறு என்று ஒரு சொட்டு இல்லை. அவித்த முட்டைக் கருவில் சீனி போட்டுப் பிசைந்த மாவு! அண்ணத்தில் அப்பிக்கொண்டது. நாக்கால் சுரண்டினால் பல்லிடுக்கில் போய் ஒட்டியது. சீ! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துப்பலாம் என்றால் படையல் பழம். விழுங்கலாம் என்றால் குடல் மேலே வருகிறது.

"எப்படி இருக்கு? அவரு சொன்ன மாதிரியே இருக்கா?"

மூச்சைப் பிடித்து விழுங்கினேன். "தேன்லா அக்கா."

குரலே காட்டிக்கொடுத்துவிட்டது. அக்கா என் மூஞ்சியைப் பார்த்தாள். தானும் ஒரு துண்டை வாயில் போட்டாள். அவள் முகம் கோணியது.

"ச்சை, என்னடா இது, முட்டை வாடை அடிக்குது! மாம்பழமே இல்லடா, முட்டைப்பழம்!" பிறகு மச்சான் படத்தின் பக்கம் திரும்பி வெடித்தாள். "கறி வாங்கினா வெறும் எலும்பு, மீன் வாங்கினா கெட்டுப்போனது. ஒரு மரமாச்சும் ஒழுங்கா வாங்கியாந்தீங்களா? எவன் என்ன சொல்லி வித்தாலும் தலையாட்டிட்டு வாரது!"

அவர் போனதிலிருந்து அவள் அவரைத் திட்டி நான் கேட்டதே இல்லை. திட்டித் தீர்த்துவிட்டு, அழுகையும் சிரிப்புமாக மூக்கைச் சிந்தினாள். மிச்சத்தைக் குப்பையில் கொட்டலாம் என்று தட்டை எடுத்தேன்.

"வை கீழே. அவரு நட்டது. நீ ஒன்னும் சாப்பிட வேணாம்."

குமட்டக் குமட்ட ஒவ்வொரு துண்டாக வாயில் போட்டு, தண்ணீரைக் குடித்து உள்ளே தள்ளினாள். தட்டு காலியாகும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.