ரேங்க் கார்டில் எழுதிய எனர்ஜி

கொடைக்கானல் பள்ளி ஒன்றில் நான் இங்கிலீஷ் டீச்சர். ரேங்க் கார்டு வந்தால் நாற்பது பிள்ளைகளுக்கும் ஒரே மூச்சில் குறிப்பு எழுதித் தள்ளுவேன். வகுப்பில் எப்போதும் தலை சாய்த்தே கிடக்கும் கவிதாவுக்கு, எனர்ஜி இல்லை என்று இங்கிலீஷில் எழுதினேன்.

கையெழுத்துப் போட அவள் அப்பா வந்தார். பேத்துப்பாறையில் தோட்டக் கூலி.

"எனர்ஜின்னா என்னங்க டீச்சர்?"

"சுறுசுறுப்பு. அது உங்க பொண்ணுகிட்ட இல்லவே இல்ல."

"அப்படீங்களா? இனிமே வெள்ளனே எழுப்பி, பள்ளிக்கூடத்துக்கு முன்னால பீன்ஸ் பறிக்கக் கூட்டிட்டுப் போறேங்க. தானா வந்துரும்."

நல்லது என்று தலையாட்டினேன்.

பத்தாம் நாள் தோட்டத்து மேட்டில் ஏறும்போது கவிதா சுருண்டு விழுந்தாள். பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை இருந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் பிழைக்கவில்லை.

துக்கம் கேட்கப் போனேன். அவர் என்னைக் கும்பிட்டார்.

"டாக்டரும் எனர்ஜி இல்லேன்னுதான் சொன்னாருங்க. நீங்க அத அப்பவே கண்டுபிடிச்சு எழுதிட்டீங்க. இந்தப் பாவிக்குத்தான் வெளங்கல."

சோம்பேறி என்று நினைத்துத்தான் எழுதினேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பழியை அவர் தலையிலேயே விட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

இன்றும் கடைவீதியில் என்னைப் பார்த்தால் அவர் கும்பிடுகிறார்.