வலது பக்கத்துக்கு ஒரு தேதி

ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை என்பது சாயக்காரர், பிரிண்டிங்காரர், பட்டன்காரர் என்று ஊரில் உள்ள எல்லாரிடமும் தேதி கேட்டுத் திட்டு வாங்குவது. சாமி கும்பிடுவதற்கு முன்னால் சாயப்பட்டறைக்கு போன் போடுகிற ஆட்கள் நாம். இதே தொழிலில் இருக்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இருபத்திரண்டு வருஷம் இப்படிக் கேட்டவளிடம், போன வருஷம் என் உடம்புக்கே தேதி கேட்டார்கள்.

பேரம்

கேன்சர் என்று வலது மார்பை எடுத்தாயிற்று. புதிதாக ஒன்று வைத்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். ரேடியேஷன் முடிந்து, தோல் ஆறி, ஆறு மாதமாவது போகட்டும், பிறகு தேதியை நீங்களே சொல்லுங்கள் என்றார். எனக்கு உடனே வேண்டும். வாய் பழக்க தோஷத்தில், "நாலு மாசம்னு வெச்சுக்கலாமுங்களா? பத்து நாள் முன்னப்பின்ன ஆனாலும் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாமுங்க" என்றேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, நான் என்ன சாயப்பட்டறையா வெச்சிருக்கேன்?"

கட்டிங் டேபிள்

அந்தக் கோபத்தை எங்கள் கட்டிங் மாஸ்டரிடம் கொட்டினேன். திருநெல்வேலிக்காரர். சாயம் போட்டு வந்த துணியை ரோலிலிருந்து உருவி விரித்துப் போட்டு, ஒரு நாள் ஆறவிடாமல் கத்தியைத் தொடமாட்டார். ஷிப்மெண்ட் அவசரத்தில் அதற்காக அவரோடு நான் போடாத சண்டை இல்லை. நான் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"ஆறாத துணிய வெட்டினா ஒரு பக்கமா இழுத்துக்கிடும்லா மேடம். ஒங்க டாக்டருக்குத் தொழில் தெரியுது."

ஸ்டிக்கர்

எங்கள் கம்பெனியில் தைப்பது பிரா. சாம்பிள் ரூமில் ஃபோம் கப்புக்குப் பஞ்சமா? ஒன்றை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். அதில் கனமே கிடையாது. மதியத்துக்குள் கழுத்தைப் பார்த்து ஏற ஆரம்பித்துவிடும். ஒருநாள் சரக்கு வாங்கும் பையரின் இன்ஸ்பெக்டரோடு நான் கம்பீரமாக நடந்துகொண்டிருந்தபோது, செக்கிங்கில் இருக்கும் வேலம்பாளையத்து செல்வி என்னை அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் இழுத்தாள். தப்பு உள்ள இடத்தில் ஒட்டும் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை என் துப்பட்டாவில் ஒட்டினாள். ஆபரேஷனுக்குப் பிறகு நான் முதன்முதலாக வயிறு வலிக்கச் சிரித்தது அவள் கேட்ட கேள்விக்குத்தான்.

"அக்கா, ரைட் சைடு ரெண்டு இன்ச் மேல போயிருச்சுங்க. ஆல்ட்டருக்கு அனுப்பட்டுமா, ரிஜெக்ட்டுங்களா?"

இளநீர்

குண்டடத்திலிருந்து நாத்தனார் ஒரு சாக்கு இளநீரோடு பார்க்க வந்தார். விஷயத்தைக் கேட்டதும், "நாப்பத்தெட்டு வயசுல புதுசு வெச்சு யாருக்குக் காட்டறது கண்ணு?" என்றார். கண்ணு என்று வேறு சொல்லிவிட்டார், எப்படிச் சண்டை போடுவது? கண்ணாடி முன்னால் நின்று நான் உடை மாற்றி எட்டு மாதம் ஆகியிருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை. இளநீர் சீவிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் தலையைத் தூக்காமலே பேசினார்.

"ஏனக்கா, அவ கண்ணாடி பாக்க வேண்டாமா?"

போன்

கடைசியில் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு, டாக்டர் தேதி கேட்கிறார் என்றாள். எனக்கு மார்பு வேண்டும். ஆனால் வயிற்றுச் சதையை எடுத்து அங்கே வைப்பார்களாம். இன்னொரு ஆபரேஷன் என்றதும் பயம். "தெரியலைங்க" என்று சொல்லிவிட்டேன். இந்த வார்த்தையைச் சொன்ன எத்தனை பேரை நான் போனிலேயே வறுத்தெடுத்திருக்கிறேன்! நமக்கும் திட்டு விழப்போகிறது என்று காத்திருந்தேன்.

"பரவாயில்லீங்க மேடம். அடுத்த வருஷம் வந்தாலும் செய்யலாமுங்க, வேண்டாம்னாலும் தப்பில்லீங்க. இதுக்குக் கடைசித் தேதியெல்லாம் கிடையாதுங்க."

கடைசித் தேதி இல்லாத ஆர்டரைக் கண்ணால் கண்டிராத நான், மூன்று நாள் ஆற அமர யோசித்து, யாரும் விரட்டாமல், எனக்காகவே, மாசி முதல் புதன்கிழமை என்று நானே கூப்பிட்டுச் சொன்னேன். அன்றைக்கு டாக்டர் லீவாம்.