பச்சை பூசிய பட்டாளம்

ஞானதுரை அண்ணாச்சி போய்விட்டார் என்று அவர் மனைவி, எங்கள் மதினி, போன் செய்தபோது, டெல்லி சாணக்யபுரி விருந்தினர் இல்லத்தில் கீசர் வேலை செய்யவில்லை என்று ஒரு பெரியவரிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தேன். அங்கே அறைகளைக் கவனித்துக்கொள்வது என் வேலை. திட்டு வாங்குவதும் அதில் அடக்கம். செய்தியைக் கேட்டதும் அவருடைய கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டேன். மனிதர் திட்டுவதை நிறுத்திவிட்டுத் தண்ணீர் கொடுத்தார்.

முதலில் வந்தது அழுகை அல்ல, பயம். வருகிற புதன்கிழமை என் மகள் மீனுவுக்கு மறுபடியும் ரத்தப் பரிசோதனை. இதுவரை ஒவ்வொரு முறையும் அண்ணாச்சிதான் கூட வந்தார். ஊசியைப் பார்த்தால் என் மனைவிக்கு ஆகாது. எனக்கும் ஆகாது, ஆனால் அப்பன் அதை வெளியே சொல்ல முடியாதே.

மயூர் விஹாரில் அண்ணாச்சி வீட்டுக் கண்ணாடி அலமாரியை, அவரைத் தெரிந்த உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அதில் நின்ற பொம்மைச் சிப்பாய்கள் எல்லாம் உலோகம். சேகரிப்பவர்கள் ஒவ்வொரு கம்பெனியின் பொம்மையையும் தனித்தனித் தட்டில்தான் வைப்பார்களாம். அண்ணாச்சி எல்லாவற்றையும் கலந்து ஒரே அணிவகுப்பாக நிறுத்தினார். அவரைப் போலவே சேகரிக்கும் பஞ்சாபி நண்பர் ஒருவர், "துரை சாப், இது பட்டாளம் இல்லை, கிச்சடி" என்று கேலி செய்துவிட்டுப் போனார். அண்ணாச்சி என் பக்கம் திரும்பி, "டெல்லியில எவன்வே ஒரே அச்சுல வார்த்த ஆளு?" என்றார்.

ஆனாலும் கிச்சடி என்ற சொல் அவரை உறுத்தியிருக்க வேண்டும். குள்ளமான சிப்பாய்களின் காலடியில் அட்டை வைத்து உயர்த்தினார். பிறகு எல்லாச் சிப்பாய்களின் அடிப்பீடத்துக்கும், மேலும் கீழுமாக, ஒரே பச்சை வண்ணம் பூசினார். "இப்பம் பாரும். செஞ்சவனே வந்தாலும் தன் பிள்ளையைக் கண்டுபிடிக்க முடியாது" என்றார். நானும் பெரிய ரசிகனைப் போலத் தலையாட்டினேன்.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிறு மதியம் அவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். புதிதாக வந்த குதிரைவீரனை உள்ளே வைப்பதற்காக அலமாரியைத் திறந்து வைத்திருந்தார். மீனு தத்தித் தத்தி வந்து, "பாப்பா, ஃபௌஜி" என்று இந்தியில் என்னைக் கூப்பிட்டு, கையிலிருந்த சிப்பாயை நீட்டினாள். முரசடிக்கும் சிப்பாய். முரசு இருந்தது, தலை இல்லை. குழந்தையின் உதடெல்லாம் பச்சை.

கட்டிலுக்கு அடியில், சோபாவுக்கு அடியில், எங்கும் தலை கிடைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டது ஒரே கேள்விதான்: பொம்மை எதில் செய்தது? புதிய கம்பெனிக்காரர்கள் காரீயம் சேர்ப்பதில்லை. பழைய பொம்மைகள் பெரும்பாலும் காரீயம்; வயிற்றுக்குள் போனால் விஷம். கம்பெனியின் பெயர் பீடத்தின் அடியில் இருக்கும். அதன்மேல்தான் பச்சை. ஒவ்வொரு சிப்பாயைப் பற்றியும் அரைமணி நேரம் பேசக்கூடிய மனிதர், கையோடு கொண்டுவந்திருந்த தலையில்லாச் சிப்பாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு தாழ்வாரத் தரையில் உட்கார்ந்து அதன் முனையால் பீடத்தைச் சுரண்ட ஆரம்பித்தார். பச்சைத் தூள் அவர் சர்ச்சுக்குப் போட்டுப் போயிருந்த சட்டையிலெல்லாம் விழுந்தது. எழுத்து ஒவ்வொன்றாகத் தெரிந்தது.

"பழைய கம்பெனி. காரீயந்தாம்வே."

"அண்ணாச்சி, நான் கெமிஸ்ட்ரியில பெயிலான ஆளு. இது பெரிய விஷயமா?"

"பெருசுதாம்."

"ஒண்ணும் ஆகாதுல்ல?"

அன்று எல்லோரும், லிஃப்ட்காரர் உட்பட, 'குச் நஹி ஹோகா', ஒன்றும் ஆகாது என்றுதான் சொன்னார்கள். அவர் மட்டும் சொல்லவில்லை. "தெரியாதுவே. தெரியுத வரைக்கும் நான் இங்ஙனதான் இருப்பேன்" என்றார். இருந்தார். எக்ஸ்ரேயில் வயிற்றுக்குள் வெள்ளைப் பொட்டாக அந்தத் தலை தெரிந்தபோதும், குழாய் விட்டு அதை எடுத்து முடிக்கும்வரையும், தரையை விட்டு எழுந்திருக்கவில்லை.

தலை வந்துவிட்டது, ஆனால் ரத்தத்தில் காரீயம் ஏறியிருந்தது. இறங்கிக்கொண்டு வருகிறது, இன்னும் சில முறை பார்க்க வேண்டும் என்கிறார்கள்.

அதன்பின் அவர் எல்லாப் பீடங்களையும் சுரண்டிப் பச்சையை எடுத்தார். அலமாரிக்குப் பூட்டும் வந்தது. சொறி பிடித்த பட்டாளமாக இருக்கிறதே என்று வாய்க்கொழுப்பில் நான் சொன்னேன். "கலந்தே நிக்கட்டும். எவன் என்னன்னு கேட்டா பதில் சொல்லணும்லா" என்றார்.

அடக்கம் முடிந்த பிறகு மதினி ஞாபகத்துக்கு ஒரு சிப்பாயை எடுத்துக்கொள்ளச் சொன்னார். மாட்டேன் என்றேன். பயம்தான், வேறென்ன.

நேற்று மாலை என் மனைவி மீனுவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே, "புதன்கிழமை ரிப்போர்ட் நல்லபடியா வந்துரும்ல?" என்று கேட்டாள். இத்தனை வருடக் குடும்பத்தில் இப்படிப்பட்ட கேள்விகளுக்கெல்லாம் நான் வைத்திருந்த பதில், "நான் இருக்கேன்ல" என்பது. அண்ணாச்சியிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது வேறு பதில்.

"தெரியலம்மா" என்றேன். "நீயும் வா. தெரியிற வரைக்கும் ரெண்டு பேரும் சேர்ந்து உக்காந்திருப்போம்."

அவள் அடுத்த உருண்டையைப் பிசைந்தாள். "சரி, வரேன்" என்றாள்.